கதிர்வீச்சும் தோலும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் தெரிந்துகொள்ள வேண்டியவை

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து, காயம் ஆறி, வீட்டு வேலைகளில் மெல்லக் கை வைக்கத் தொடங்கும் நேரத்தில்தான் பல பெண்களுக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்கான தேதி வருகிறது. ரெம்பாவ், பெடாஸ், செம்போங் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு அது ஒரு நீண்ட பயணமும்கூட. அரசு மருத்துவமனை வழியாகச் செல்பவர்கள் புத்ராஜெயாவில் 2013ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் தேசியப் புற்றுநோய்க் கழகம் போன்ற பெரிய மையங்களுக்குப் போய்வர வேண்டியிருக்கும். வாரத்தில் ஐந்து நாள், மூன்று வாரம் என்று போகும் இந்தச் சிகிச்சையில், பயணக் களைப்பை விடவும் பெண்களை அதிகம் கலங்க வைப்பது ஒன்று உண்டு. அது தோல் கறுப்பதும், உரிவதும், புண்ணாவதும்தான்.

மலேசியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் சுமார் 34 பேருக்கு இது வருகிறது. இந்தியப் பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த எண் 38. ஆகவே இந்தச் சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு நேரடியாகத் தேவைப்படும் விஷயம்.

தோல் புண்ணானதைக் கண்டு பயந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்தக் கூடாது. மார்பகத்தை முழுவதுமாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்த பெண்களில், கதிர்வீச்சின் பலனை ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று 2011இல் கணக்கிட்டது. 17 ஆய்வுகளில் பங்கேற்ற 10,801 பெண்களின் விவரங்களை அது ஒன்றுசேர்த்துப் பார்த்தது. கதிர்வீச்சு பெறாதவர்களில் 35 விழுக்காட்டினருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியிருந்தது. பெற்றவர்களில் அது 19.3 விழுக்காடு. ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிட்டது. இந்தப் பலன் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், குறித்த நாள்களில் குறித்த அளவு கதிர் போய்ச் சேர வேண்டும். தோலைக் கவனித்துக்கொள்வது அழகுக்காக மட்டும் அல்ல. சிகிச்சையைத் தடையில்லாமல் முடிப்பதற்காகவும்தான்.

உள்ளே போகும் கதிர் தோலை ஏன் பாதிக்கிறது?

நம் தோலின் மேற்பரப்பு ஒவ்வொரு நாளும் உதிர்ந்துகொண்டே இருக்கிறது. உதிரும் அணுக்களுக்குப் பதிலாக, மேல்தோலின் அடித்தளத்தில் புதிய அணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகி மேலே வருகின்றன. கீழே பிறந்த ஓர் அணு மேற்பரப்புக்கு வந்து உதிர ஏறக்குறைய நான்கு வாரங்கள் ஆகும்.

வேகமாகப் பிரியும் அணுக்களின் மரபுப் பொருளைச் சிதைப்பதுதான் கதிர்வீச்சின் வேலை. புற்றணுக்கள் அதனால் அழிகின்றன. தோலின் அடித்தள அணுக்களும் வேகமாகப் பிரிபவை என்பதால் அவையும் அடிபடுகின்றன. ஆனால் நல்ல அணுக்களுக்குச் சேதத்தைச் சரிசெய்துகொள்ளும் திறன் அதிகம். அதனால்தான் மொத்தக் கதிரையும் ஒரே நாளில் கொடுக்காமல் சிறுசிறு தவணைகளாகக் கொடுக்கிறார்கள்.

முன்பு 50 கிரே அளவை 25 தவணைகளில், ஐந்து வாரங்களில் கொடுப்பதே வழக்கமாக இருந்தது. கிரே என்பது உடல் உள்வாங்கும் கதிரின் அளவைக் குறிக்கும் அலகு. பிரிட்டனிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, சுமார் 40 கிரே அளவை 15 தவணைகளில், மூன்று வாரங்களில் முடிப்பது உலகெங்கும் பரவியது. நோயைக் கட்டுப்படுத்துவதில் இது குறைந்ததல்ல. தோல் பாதிப்பும் இதில் குறைவாகவே இருக்கிறது. 26 கிரே அளவை ஒரே வாரத்தில் ஐந்து தவணைகளில் கொடுக்கும் முறையும் 2020இல் வெளியான பிரிட்டன் ஆய்வுக்குப் பிறகு தகுந்தவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. தோட்டத்திலிருந்து நாள்தோறும் போய்வர வேண்டிய ஒருவர், தனக்கு எத்தனை தவணைகள், குறுகிய முறை பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறே இல்லை.

தோலுக்கும் கதிர்வீச்சுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த சில மாதங்களிலேயே, அதைக் கையாண்டவர்களின் கைகள் வெந்து புண்ணாயின. கதிரை அளக்கக் கருவி இல்லாத அந்தக் காலத்தில், தோல் சிவக்கும் அளவையே மருத்துவர்கள் மருந்தின் அளவாகக் கொண்டார்கள். அன்றைய இயந்திரங்கள் உமிழ்ந்த கதிர், தன் பலத்தின் பெரும்பகுதியைத் தோலிலேயே இறக்கிவிடும். 1951இல் கனடாவில் கோபால்ட் இயந்திரம் வந்தபோதுதான் நிலைமை மாறியது. அதன் கதிர் தோலைத் தாண்டி அரை சென்டிமீட்டர் ஆழத்தில் உச்ச பலத்தை அடைந்தது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1957இல் அத்தகைய இயந்திரம் நிறுவப்பட்டது. இன்றைய நேரியல் முடுக்கி இயந்திரங்களில், மார்பகத்துக்குப் பரவலாகப் பயன்படும் கதிரின் உச்ச பலம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது.

அப்படியானால் இன்றும் தோல் ஏன் பாதிக்கப்படுகிறது? மார்பகத்தில் கதிர் நேராக இறங்குவதில்லை. நெஞ்சுக்குள் இருக்கும் நுரையீரலையும் இதயத்தையும் காப்பாற்ற, பக்கவாட்டில் சாய்வாக விடுகிறார்கள். சாய்ந்து வரும் கதிர் தோலை ஒட்டியே அதிக தூரம் செல்கிறது. மார்பகத்தின் கீழ் மடிப்பிலும் அக்குளிலும் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் அங்கே கதிரின் பலம் கூடுகிறது. மார்பகம் அகற்றப்பட்டவர்களில் சிலருக்கு, வடு இருக்கும் தோலுக்கும் கதிர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே மேலே ஒரு மெல்லிய ஜெல் விரிப்பை வைப்பார்கள். அவர்களுக்குத் தோல் பாதிப்பு கூடுதலாக இருப்பது எதிர்பார்த்ததுதான்.

நாள் கணக்கு

முதல் வாரத்தில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'எனக்கு ஒன்றும் ஆகவில்லையே' என்று தோலைக் கவனிக்காமல் விடுவது இந்த வாரத்தில்தான். இரண்டாம், மூன்றாம் வாரத்தில் தோல் வெதுவெதுப்பாகவும் இறுக்கமாகவும் வறண்டும் மாறும், அரிப்பு எடுக்கும். பிறகு சிலருக்குச் செதில் செதிலாக உரியும். இதை உலர் உரிதல் என்பார்கள். அடித்தள அணுக்களின் இழப்பு இன்னும் கூடினால் மேல்தோல் கழன்று, ஈரமும் கசிவும் தோன்றும். இதுவே ஈர உரிதல். இது பெரும்பாலும் மார்பகத்தின் கீழ் மடிப்பிலும் அக்குளிலும்தான் வரும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கடைசித் தவணை முடிந்த பிறகு ஒன்று அல்லது இரண்டு வாரத்தில்தான் தோல் பாதிப்பு உச்சத்தைத் தொடும். சேதமடைந்த அணுக்கள் மேலே வந்து உதிர நாள் எடுப்பதே காரணம். அதுவரை தினமும் தாதியர் பார்த்துக்கொண்டிருந்த தோல், மோசமாகும் நாளில் வீட்டில் தனியாக இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால், 'சிகிச்சை முடிந்த பிறகும் இப்படி ஆகிறதே' என்று பதற வேண்டியதில்லை. அதன் பின் நான்கு முதல் ஆறு வாரங்களில் பெரும்பாலோருக்குத் தோல் ஆறிவிடும்.

எல்லாருக்கும் ஒரே அளவில் பாதிப்பு வருவதில்லை. பெரிய மார்பகம், உடல் பருமன், புகைப்பழக்கம் ஆகியவை பாதிப்பைக் கூட்டுகின்றன. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லையென்றால் புண் ஆறத் தாமதமாகும். கிருமியும் எளிதில் தொற்றும். மலேசியாவில் நீரிழிவு இந்தியர்களிடையேதான் மிக அதிகம் என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவருவது தோலுக்கான முதல் பாதுகாப்பு.

கறுத்த தோலில் சிவப்பு தெரியாது

மருத்துவ நூல்களிலும் துண்டறிக்கைகளிலும் தோல் பாதிப்பின் முதல் அடையாளமாகச் சொல்லப்படுவது 'தோல் சிவத்தல்'. பாதிப்பைத் தரம் பிரிக்கும் அளவுகோல்களும் சிவப்பை வைத்தே தொடங்குகின்றன. அவை வெள்ளைத் தோலைப் பார்த்து உருவானவை. நம்மில் பலருக்குத் தோல் மாநிறம் அல்லது கறுப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின், கீழே ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் சிவப்பை மறைத்துவிடும். கதிர் பட்ட இடத்தில் மெலனின் இன்னும் அதிகமாகச் சுரப்பதால் தோல் சிவக்காமல் மேலும் கறுக்கிறது.

இதனால், பார்ப்பவருக்குப் பாதிப்பு குறைவாகத் தோன்றலாம். வலியோ குறைவாக இருக்காது. ஆகவே நம் பெண்கள் நிறத்தை மட்டும் நம்பாமல், புறங்கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மறுபக்கத்தை விடச் சூடாக இருக்கிறதா? தோல் இழுத்துப் பிடித்ததுபோல் பளபளக்கிறதா? துணி பட்டால் எரிகிறதா? கீழ் மடிப்பு பிசுபிசுக்கிறதா? இவற்றை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் தாங்களே சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சப்பட்டு, 'எல்லாம் சரிதான்' என்று தலையாட்டிவிட்டு வருவதால் கிடைக்க வேண்டிய மருந்து கிடைக்காமல் போகிறது.

தமிழ் தெரிந்த தாதியர் இல்லாத இடத்தில் மூன்று மலாய்ச் சொற்கள் போதும். அரிப்புக்கு 'கத்தால்', எரிச்சலுக்கு 'பெடிஹ்', வெந்து கொப்புளித்ததற்கு 'மெலெச்சூர்'. இடத்தைக் கையால் காட்டி இந்தச் சொல்லைச் சொன்னாலே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

குளிக்கலாமா?

கதிர்வீச்சு பெறும் இடத்தில் தண்ணீர் படக் கூடாது என்பது நெடுங்காலமாக மருத்துவமனைகளிலேயே சொல்லப்பட்டு வந்த அறிவுரை. இன்றும் வீட்டுப் பெரியவர்கள் அதைச் சொல்வார்கள். ஆனால் சோதித்துப் பார்த்தபோது உண்மை வேறாக இருந்தது. கனடாவின் கியூபெக்கில் 99 பெண்களை இரு பிரிவாகப் பிரித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தைக் கழுவாமல் இருந்தவர்களில் 33 விழுக்காட்டினருக்கு ஈர உரிதல் வந்தது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியவர்களில் 14 விழுக்காட்டினருக்கே வந்தது. வியர்வையும் அழுக்கும் கிருமிகளும் மடிப்பில் தங்காமல் போவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. நம் ஊர் வெக்கையில் குளிக்காமல் இருப்பது இரட்டைத் துன்பம்.

ஆகவே தாராளமாகக் குளிக்கலாம். எப்படிக் குளிப்பது என்பதில்தான் கவனம் தேவை. வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீரோ இளஞ்சூடோ போதும். வாசனையில்லாத, மென்மையான சோப்பைக் கையால் தடவிக் கழுவ வேண்டும். நாரோ, பீர்க்கங்கூடோ, முரட்டுத் துண்டோ கூடாது. பிறகு மெல்லிய பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. மார்பகத்தைச் சற்றுத் தூக்கி, கீழ் மடிப்பை முழுவதும் உலரவிட வேண்டும். கதிர் விட வேண்டிய இடத்தைக் காட்ட மருத்துவமனையில் மையால் குறி போட்டிருந்தால், அதைத் தேய்த்து அழித்துவிடக் கூடாது.

வியர்வை நாற்றத்தைப் போக்கும் டியோடரண்ட் கூடாது என்பதும் பழைய அறிவுரையே. அதனால் பாதிப்பு கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. தோல் உரியாத வரை அதைப் பயன்படுத்தலாம். சிகிச்சைக்கு முன் கிரீம் பூசினால் தோல் வெந்துவிடும் என்ற பயமும் உண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018இல் அளந்து பார்த்தார்கள். மெல்லியதாகப் பூசிய கிரீம், தோலில் படும் கதிரை அதிகரிக்கவில்லை. 3 மில்லிமீட்டருக்கு மேல் அப்பினால்தான் அதிகரித்தது. வாசனையில்லாத ஈரப்பத கிரீமை நாளுக்கு இரண்டு முறை மெல்லியதாகப் பூசுவதை முதல் நாளிலிருந்தே தொடங்கலாம்.

கற்றாழை, மஞ்சள், பெடாக் செஜோக்

தோட்டத்து வீடுகளில் வேலியோரம் கற்றாழை இருக்கும். தீப்புண்ணுக்கு அதுதான் முதல் மருந்து. ஆனால் கதிர்வீச்சுப் புண்ணில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆஸ்திரேலியாவில் 200க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், சாதாரண ஈரப்பத கிரீம் பூசியவர்களை விடக் கற்றாழை ஜெல் பூசியவர்களுக்கே உலர் உரிதலும் வலியும் அதிகமாக இருந்தன. வேலியிலிருந்து வெட்டிய கற்றாழையில் மண்ணும், தோலை அரிக்கும் மஞ்சள் பாலும் சேர்ந்திருக்கும். உரிந்த தோலில் அதைப் பூசவே கூடாது.

மஞ்சளின் கதை சற்றுச் சிக்கலானது. அமெரிக்காவில் 30 பெண்களுக்கு மஞ்சளின் சத்தான குர்குமினை மாத்திரையாகக் கொடுத்தபோது பலன் தெரிந்தது. 686 பேரிடம் நடந்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை. மங்களூரில், தலை, கழுத்துப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு மஞ்சளும் சந்தன எண்ணெயும் சேர்ந்த கிரீமைப் பூசிப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வில் தோல் பாதிப்பு குறைந்தது. அது தொழிற்சாலையில் சுத்தமாகத் தயாரித்த கிரீம் என்பதை மறக்கக் கூடாது. அம்மியில் அரைத்த மஞ்சளைப் பூசினால் தோலின் நிறம் மறைந்து, மருத்துவரால் புண்ணைப் பார்க்கவே முடியாது. சமையலில் சேர்க்கும் மஞ்சளால் கெடுதல் எதுவும் இல்லை.

குளிர்ச்சிக்காக முகத்தில் பூசும் பெடாக் செஜோக், டால்கம் பவுடர் இரண்டையும் மடிப்பில் போட வேண்டாம். வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி, தோலை உரசிப் புண்ணாக்கும். தலைவலித் தைலம், மின்யாக் ஆங்கின் போன்றவற்றை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஏற்கெனவே எரியும் தோலில் அவை தீயாக எரியும். ஐஸ் கட்டியும் வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம்.

உடையும் தாலியும்

உராய்வுதான் இந்தத் தோலுக்கு மிகப்பெரிய எதிரி. கம்பி வைத்த, இறுக்கமான உள்ளாடைக்குப் பதிலாகத் தளர்ந்த பருத்தி பாடியோ பனியனோ அணியலாம். சேலை ரவிக்கையின் அக்குள் தையல் உராயும் என்பதால், அந்த வாரங்களில் தொளதொளப்பான பருத்திச் சட்டையோ நைட்டியோ நல்லது. மார்பகம் பெரிதாக இருந்தால், மென்மையான பருத்தித் துணியை மடித்துக் கீழ் மடிப்பில் வைத்து, ஈரமானதும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். அக்குள் முடியைப் பிளேடால் மழிக்கக் கூடாது. பிளாஸ்டர் ஒட்டினால் பிரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்துவிடும்.

தாலியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். காரை எலும்பின் மேற்பகுதிக்கும் கதிர் கொடுக்கும்போது, தாலிச் சங்கிலி அந்த வழியிலேயே கிடக்கும். சிகிச்சையின்போது அதைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு அணிந்தாலும், சங்கிலியோ ஈர மஞ்சள் கயிறோ புண்ணான கழுத்தில் நாள் முழுவதும் உராயும். சிகிச்சை முடிந்து தோல் ஆறும்வரை அதைப் பூஜையறையில் பத்திரமாக வைத்துவிடலாம். இதை அந்தப் பெண் கேட்பதற்கு முன் வீட்டில் உள்ளவர்களே சொல்லிவிட்டால், அவள் மனத்தில் உள்ள பாரம் பாதி குறையும்.

பால்மரம் வெட்டுபவர்களும் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களும் இந்த வாரங்களில் மருத்துவ விடுப்புக் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். வியர்வையும், தோளில் மாட்டும் சுமையும், கையைத் தூக்கிச் செய்யும் வேலையும் அக்குள் தோலைக் கிழிக்கும். களைக்கொல்லியோ உரமோ அந்தத் தோலில் படவே கூடாது. அதே நேரத்தில், கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் இறுகிவிடும். தாதியர் சொல்லித்தரும் கைப்பயிற்சிகளை விடக் கூடாது.

மருத்துவமனையில் கேட்கக்கூடியவை

ஈரப்பத கிரீமோடு முடிந்துவிடுவதில்லை. மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு கிரீமைத் தொடக்கத்திலிருந்தே மெல்லியதாகப் பூசினால் அரிப்பும் அழற்சியும் குறைகின்றன என்பது பல ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது. இதை மருத்துவர் எழுதிக்கொடுத்தே பயன்படுத்த வேண்டும். உரிந்த தோலில் பூசக் கூடாது. தோலில் ஒட்டும் மெல்லிய சிலிக்கோன் படலம் இன்னொரு வழி. நியூசிலாந்தில் 78 பெண்களின் மார்பகத்தில் ஒரு பாதிக்குப் படலமும் மறுபாதிக்குக் கிரீமும் கொடுத்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், கிரீம் பூசிய பகுதியில் 26 விழுக்காட்டினருக்கு ஈர உரிதல் வந்தது; படலத்தின் கீழ் ஒருவருக்கும் வரவில்லை. விலை கூடுதல் என்றாலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூக்கிலும் தோலிலும் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமிக்கும் இதில் பங்குண்டு என்று அண்மையில் தெரியவந்துள்ளது. நியூயார்க்கில் 77 பேரிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், மூக்கில் பூசும் கிருமிக்கொல்லியும் கிருமிநாசினிக் குளியலும் பெற்றவர்களில் ஒருவருக்கும் ஈர உரிதல் வரவில்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வந்தது.

உடனே சொல்ல வேண்டியவை

தோல் கழன்று நீர் வடிதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல், குளிர் நடுக்கம், மார்பகம் திடீரென வீங்குதல் ஆகியவை இருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாது. கீழ் மடிப்பில் சுற்றிலும் சிறு புள்ளிகளோடு கடும் அரிப்பு இருந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு. சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கும்போது இவை வந்தால், அருகிலுள்ள அரசு கிளினிக்கில் காட்டி, கதிர்வீச்சு பெற்ற விவரத்தைச் சொல்ல வேண்டும். சிகிச்சை அட்டையைக் கையில் கொண்டுபோவது நல்லது. புண் பெரிதானால் ஓரிரு நாள் இடைவெளி தரலாமா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நாமாகவே பயணத்தை நிறுத்திவிடக் கூடாது.

தோல் ஆறிய பின்னும் கறுமை பல மாதங்கள் இருக்கும். மெல்ல மெல்ல மங்கும். கதிர் பட்ட அக்குளில் முடியும் வியர்வையும் குறைந்தே இருக்கலாம். சில பெண்களுக்கு அந்தப் பக்கத் தோல் சற்றுத் தடிப்பாகவே நின்றுவிடும். அந்த இடத்தில் வெயில் படாமல் குறைந்தது ஓராண்டு துணியால் மூடிக்கொள்ள வேண்டும். திறந்திருக்கும் கழுத்துப் பகுதியில் எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேலான சூரியக் காப்பு கிரீமைப் பூசலாம்.

வெளியிலிருந்து கொடுக்கும் இந்தக் கதிர், இயந்திரத்தை நிறுத்திய கணமே நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. வீட்டுக்கு வந்த பெண் தன் பேரப்பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். கணவரின் அருகில் படுத்துக்கொள்ளலாம். எல்லாருடனும் ஒரே தட்டில் சாப்பிடலாம். அவரைத் தனியாக ஒதுக்கி வைக்க அறிவியலில் எந்தக் காரணமும் இல்லை.